மின்னூலும் ஏடு பார்த்தலும்

மின்னூல் படிக்குங் கருவிகள் நம் மாணாக்கர் கைகளிற் புகுந்துவிட்டன. அவை நன்றோ தீதோ என்று வாதிடுங் காலம் கழிந்ததென்பது எம் கருத்து. அக்கருவியுள் எத்தகைய தமிழ்நூல் இடம்பெறுகின்றது என்பதே தமிழ் பயில்வார் இனி ஆராயத்தக்கது.

கருவியின் நன்மையை மறுப்பார் இலர். மாமல்லபுரத்துக் கடற்கரையில் நண்பகலிற் கைப்பேசியைத் திறந்தார்க்கு அதில் தம் முகமே தோன்றும். மின்மைத்திரை பூண்ட கருவியோ அவ்வெயிலிலும் தெளிவாக எழுத்தைக் காட்டும். நுண்ணிய உறைகளுள் அடைபட்ட கரிய வெள்ளிய பொடிகளை மின்விசை மேலுங் கீழும் இயக்குதலால் எழுத்துத் தோன்றுகின்றது. பக்கம் மாறும்பொழுதன்றி மின்செலவும் பெரும்பாலும் இல்லை. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த கிண்டில் இத்தகையது. 2016 இறுதியில் அதன் அங்காடியில் தமிழ்நூல்களும் இடம்பெற்றன. 2024-இல் வண்ணங்காட்டும் கிண்டிலும் வந்தது; எனினும் அருச்சுனன் தபசினைக் காண விழைவார் செங்கற்பட்டிலிருந்து பஸ்ஸேறி நேரிற் சென்று காண்பதே நன்று.

நிற்க, விலைகொடுத்து வாங்கும் மின்னூல் பெரும்பாலும் வாங்கினார்க்கு உடைமையாவதில்லை. படிக்கும் உரிமையே விற்கப்படுகின்றது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்னும் நாவலின் ஒரு பதிப்பை, வெளியிட்டார்க்கு உரிமையில்லையென்று கூறி, அமேசான் நிறுவனத்தார் வாங்கினோர் கருவிகளினின்றே அழித்தனர். (அழிந்தது எந்நூலென்று எண்ணுந்தோறும் எமக்கு நகை வருகின்றது.) நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கோரினார். 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணிப்பொறியில் இறக்கிவைத்துக்கொள்ளும் வழியையும் அடைத்தனர். பழைய மாணாக்கர் தம் பெயரெழுதிக் கலாசாலை நூல்நிலையத்திற்கு ஈந்த நூல்கள் போல் இவற்றை ஈதல் எங்ஙனம்?

இக்குறையில்லா மின்னூல்களும் உள. 1998 பொங்கலன்று, சுவிட்ஸர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், அன்பர் சிலர் ஊதியமின்றித் தட்டச்சிட, வேறு சிலர் பிழைநோக்க, இலக்கியங்கள் பல எவருக்கும் இலவசமாயின. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமோ பழைய பதிப்புக்கள் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்துள்ளது.

ஈண்டுத்தான் இடர்ப்பாடு. படமாக மட்டுமே உள்ள பக்கம் சிறுதிரையிற் சுருங்கிப்போம். எழுத்தைப் பெரிதாக்கின் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒரு சொல்லைத் தேடிக் காண்டலும் இயலாது. படத்தை எழுத்தாக்கும் பொறி உண்டெனினும் அது ரகரத்தையுங் காலையும் மயங்கும். 'கால்' என்பது 'கரல்' ஆகும். 1978-ஆம் ஆண்டு அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முந்திய றா, னை முதலிய எழுத்துவடிவங்களைக் கண்டால் பொறிக்கு மயக்கம் மிகும். இம்மயக்கம் புதியதன்று. ஓலையேட்டில் ரகரமுங் காலும் ஒருவடிவின, புள்ளியும் இல்லை. அவ்வேடுகளைப் பல்லாற்றானும் ஒப்புநோக்கியே சாமிநாதையரவர்கள் 1889-இற் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார்கள். எதுகை மோனையும் சீருந் தளையும் அறிந்தார்க்கு வழுவிய எழுத்துப் பெரும்பாலும் தானே புலனாம். பொறி அறியாத அதனையன்றோ ஆனர்ஸ் வகுப்பிற் கற்கின்றோம்? யாப்பருங்கலக்காரிகை தேர்வுக்கன்றி வேறெதற்கு என்று வினவும் நண்பர்க்கு இதுவே எம் விடை.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. ஐயரவர்கள் 1942-இற் காலமானார்கள். நூலாசிரியர் மறைந்து அறுபதாண்டு சென்றபின் பதிப்புரிமை நீங்குமென்பது நம் நாட்டுச் சட்டமாதலின், அவர்கள் பதிப்பைத் தட்டச்சிடத் தடையில்லை. முதற்கட் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளலாம். காஞ்சியாண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அப்பாட்டு இந்நாட்டினது. இரவிற் கலங்கட்கு வழிகாட்டும் விளக்கேற்றிய மாடத்தையும் அது கூறும். அதில் வரும் நீர்ப்பெயற்று என்னுந் துறை மாமல்லபுரமே என்பாரும் உளர். அடி ஐந்நூறே. மாணாக்கர் இருபதின்மர் இருவர் இருவராய்ப் பிரிந்து, ஒருவர் அச்சுநூலை வாய்விட்டுப் படிக்க மற்றவர் திரையை நோக்கித் திருத்தின், ஓரிணைக்கு ஐம்பதடியும் அவற்றினுரையுமே வரும். ஆசிரியர் இறுதியாகப் பார்வையிட்டபின் அந்நூலைக் கருவிகள் சிலவற்றில் ஏற்றி, நூல்நிலையத்தார் மற்றைப் புத்தகங்களைப் போலவே பதினான்கு நாட் கடனாகத் தரலாம். திருக்கழுக்குன்றத்திலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் பஸ்ஸில் வருவார் வழியிலேயே உரையோடு பாட்டைப் படித்துவிடுவர்.