அன்பு ஈட்டுவதோ, அருளப்படுவதோ?

விசுவாசம் என்பது மனிதன் தன் முயற்சியால் ஈட்டிக்கொள்ளும் பொருளன்று. தேவன் விலையின்றி அளிக்கும் ஈவே அஃது என்பது கிறிஸ்து சமயத்தாரது தலையாய கொள்கைகளுள் ஒன்று. பவுல் எபேசியர்க்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை இதற்கு மூலமாக அவர் காட்டுவர். பிரான்சு தேசத்து ஆரஞ்சு நகரில் 529-இல் கூடிய சங்கம், விசுவாசத்தின் வளர்ச்சியேயன்றி அதன் தொடக்கமும் அருளாலாவதே எனத் தீர்மானித்தது. மார்ட்டின் லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசமும், தன் அறிவாலும் ஆற்றலாலும் ஒருவன் விசுவாசம் கொள்ள இயலாதென்றே போதிக்கின்றது. இக்கொள்கை உயர்ந்ததே, இதனைச் சைவர் இகழ்தற்குக் காரணம் யாதும் இல்லை.

ஆயின், இக்கொள்கையைக் கூறப் புகுந்த பாதிரிமார் பலர் அதனோடு ஒரு பழியையும் சேர்த்துக் கூறிவந்தனர். தரங்கம்பாடி லுத்தர் சபையார் கடலூரில் 1717-இல் பள்ளிக்கூடம் நிறுவிய காலந்தொட்டு அப்பழி அந்நகரத்துக்குப் புதியதன்று. சைவர் நீறணிதல், கண்டிகை பூணல், அலகிடல், வலம்வருதல் முதலிய செயல்களைக் கூலியாகக் கொடுத்து வீட்டை விலைக்கு வாங்க நினைப்பவர் என்பதும், அருளை அருளாகக் கொள்ளும் நெறி தம்மிடத்தன்றிப் பிறரிடத்து இல்லை என்பதும் அப்பழியின் சாரம்.

இஃது எத்துணைப் பொருந்தாக் கூற்று என்பதற்குக் கடலூரே சான்று. அந்நகரின்கண் உள்ள திருப்பாதிரிப்புலியூர், பண்டு பாடலிபுரம் எனப்பெற்ற அமணர் பள்ளிக்கு இடமாயிருந்தது. திருவாமூரிற் பிறந்த மருணீக்கியார் அங்கே சென்று அமண் சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயரொடு தலைமை பெற்று விளங்கினார். அவர் சிவபெருமானைத் தேடினாரல்லர், நினைந்தாருமல்லர். அந்நிலையிலேயே, திருவதிகையில் தமக்கையார் திலகவதியார் செய்த விண்ணப்பத்துக்கு இரங்கிய இறைவன், சூலைநோய் தந்து தம்பியை ஆட்கொள்வதாகக் கனவில் உணர்த்தியருளினன் என்பர் சேக்கிழார். நோய் முந்தியது, தேட்டம் பிந்தியது. அருள் முந்தியது, அன்பு பிந்தியது. அந்நோயே அருளின் முதற்கை என்பது இவ்வரலாற்றால் தெளிக.

இனி, திலகவதியார் திருவலகும் திருமெழுக்கும் கொண்டு பணிசெய்தமை கூலி கருதியோ எனின், அன்று. கடன்பட்டவள் கடன் தீர்க்கும் செயலன்று அது. அன்புடையாள் அன்பின்வழி நிற்கும் செயல். சரியை, கிரியை, யோகம் என்பன அருளுக்கு விலையாகா. அவை அருள் தான் உயிரை நடத்தும் படிகள். படியில் ஏறுவோன் படியைத் தான் கட்டியதாக நினைப்பானாயின், அப்பிழை படியினதன்று. இதனை ஐயமற உணர விழைவோர், தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதிசிவம் அருளிய திருவருட்பயனில் அருளது நிலை என்னும் அதிகாரத்தை ஓதியறிக. 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட போப்பையர் அந்நூலையும் மொழிபெயர்த்து உடன் சேர்த்தார். ஆகலின் சைவத்தில் அருள் இல்லையென்னும் கூற்று, தம் சமயத்துப் பெரியாரொருவர் நூலையேனும் நோக்காதார் கூற்றாம்.

இம்மறுப்பைக் கேட்ட சைவருட் சிலர், "அற்றேல் இரண்டும் ஒன்றே, வேறுபாடு பெயரளவே" என்று முடித்துவிடுவர். அதுவும் பொருந்தாது. கொடை என்றவழி, ஒருவனுக்குக் கொடுத்து மற்றொருவனுக்குக் கொடாமை ஏன் என்னும் வினா எழும். அவ்வினாவே இரு சமயங்களும் பிரியும் இடம்.

விசுவாசம் முற்றும் தேவனது ஈவாயின், அதனைப் பெறாதான் பெறாமைக்குக் காரணம் தேவன் கொடாமையே ஆம். ஆகவே தேவனுக்குப் பட்சபாதம் எய்தும். அன்றி, ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில் உள்ளனவெனின், ஏற்றலாகிய அச்செயல் அவனதாய் முடிதலின், முற்றும் ஈவு என்றல் அமையாது. கிறிஸ்து சமயத்தார் இதனை அறியாதாரல்லர். ஒல்லாந்து தேசத்து டார்ட் நகரில் 1618–19-இல் கூடிய சங்கம் முன்னைய வழியைக் கொண்டு, ஆர்மீனியர் கொள்கையை விலக்கியது. உரோமன் சபையில் தொமினிக்கு சபையாரும் இயேசு சபையாரும் இவ்வினாவைப்பற்றி நிகழ்த்திய வாதம், 1607-இல் ஐந்தாம் பவுல் என்னும் பாப்பு, ஒருவரையொருவர் பழித்தலாகாதென்று இருதிறத்தாரையும் விலக்கியதனோடு முடிவுபெறாமல் நின்றது. மனிதனுக்குப் பிறவி ஒன்றே எனக் கொண்டார்க்கு இவ்விடர் நீங்குதல் அரிது.

சித்தாந்தம் கூறும் விடை வேறு. உயிரும் அதனைப் பற்றிய ஆணவமும் இறைவனைப்போல அனாதி. ஆகலின் உயிரின் இருள் இறைவன் படைத்ததன்று. ஞாயிறு எல்லா மொட்டுக்கும் ஒப்பவே காய்கின்றது. முதிர்ந்த மொட்டு அலர்கின்றது. முதிராதது நாளை அலரும். அலராமை ஞாயிற்றின் வஞ்சமன்று. அருளும் அவ்வாறே எல்லா உயிர்க்கும் எஞ்ஞான்றும் உளது. மலபரிபாகம் உற்றவழிச் சத்திநிபாதம் நிகழும். அது மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும்.

அஃதேல், பரிபாகம் உயிர் ஈட்டிய கூலியாகாதோ எனின், ஆகாது. மலத்தைப் பரிபாகப்படுத்துவதும் இறைவனது திரோதான சத்தியே. மொட்டை முதிர்விப்பதும் அலர்விப்பதும் ஞாயிறு ஒன்றே ஆதல்போல, மறைத்து நின்று பக்குவப்படுத்துவதும் வெளிப்பட்டு நின்று ஆட்கொள்வதும் ஓர் அருளே. இருவரிடைக் காலம் வேறுபடுதல் என்னையெனின், மலத்தின் வன்மை உயிர்தோறும் அனாதியே வேறுபடுதலின் என்க. இதனால் கொடை கொடையாகவே நின்றது. கொடுப்போனுக்குப் பட்சபாதமும் இன்றாயிற்று. என்றென்றைக்கும் தள்ளுண்ட உயிர் ஒன்றேனும் இல்லை என்பதும் போந்தது.

இதுகாறும் பிறர்க்கு விடை கூறப்பட்டது. ஆயின், இவ்விடை முதற்கண் சைவரது நெஞ்சையே சுடவேண்டும். அன்பு அருளின் கொடை என்று நூலில் ஓதி, குலமும் கல்வியும் தீக்கையும் தன் உடைமையெனத் தருக்கி நிற்பவன், பாதிரியார் கூறிய பழியைத் தன் ஒழுக்கத்தால் மெய்யாக்குகின்றான். கொடை பெற்றவனுக்குச் செருக்கு ஏது? அவனைப்போலக் கொடை பெற்ற மற்றொருவனை வாயிலில் நிறுத்தி வினவ அவனுக்கு உரிமை ஏது?

தில்லை இதற்குச் சான்றுகளை நிரம்ப உடையது. தில்லைவாழந்தணருள் ஒருவராகிய உமாபதிசிவம், மறைஞானசம்பந்தரைக் குருவெனக் கண்டு சிவிகையினின்று இழிந்து, அவர் பின் சென்று, கைக்கோளரிடத்து அவர் ஏற்ற கூழின் மிச்சிலை உண்டார். அதுகொண்டு உடனிருந்தார் அவரை விலக்கினர். கொற்றவன்குடிக்கு விறகு சுமந்த பெற்றான் சாம்பானுக்குத் தீக்கை செய்து முத்தி கொடுக்குமாறு கூத்தப்பெருமானே திருமுகம் விடுத்தனன் என மரபு கூறும். இவனுக்குக் கொடுத்ததன் மெய்ம்மையை உலகம் ஐயுற்றபோது, அவர் முள்ளிச்செடி ஒன்றுக்கும் முத்தி அளித்தனர் என்பர். செடிக்குக் குலம் யாது? அது செய்த சரியை யாது?

ஆதனூர்த் திருநாளைப்போவாரோ தில்லை எல்லையை வலம்வந்து உள்ளே புக அஞ்சி நின்றார். அவர் கனவிலும் அந்தணர் கனவிலும் தோன்றியவன் இறைவன், எரி அமைக்கச் செய்தவனும் அவன், உடன்கொண்டவனும் அவன். அழைப்பு உள்ளிருந்து வந்தது. வாயில் காத்தாரிடத்திருந்து வந்ததன்று. சென்னை மாகாணத்தில் 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் இயற்றப்பட்டபோது ஆகமத்துக்கு இழுக்கு நேர்ந்ததென வருந்தினார் உளர். அரசினர் சட்டத்தால் திறக்கவேண்டிய அளவுக்குக் கதவை அடைத்து வைத்தமைக்கு வருந்தியிருத்தலே அவர்க்கு முறையாம்.

ஆகவே, "சைவர் செயலை நம்புவர், அருளை நம்பார்" என்பார்க்கு மெய்யான விடை நூலில் மட்டும் இருத்தல் போதாது. அருளைக் கொடையென்று கொள்வானது அடையாளம் இரண்டு: தன்னைக் குறித்துத் தருக்கின்மை, பிறனைக் குறித்துத் தடையின்மை. இவ்விரண்டும் உடையாரே, கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர் திருப்பாதிரிப்புலியூர்க் கரையேறியது எவனால் என்பதை அறிந்தோராவர். கல் மிதந்தது கல்லின் திறத்தாலன்று.

திருச்சிற்றம்பலம்.