முகவரி கேட்பது எதற்காக?

புதுக்கோட்டையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குக் கந்தர்வகோட்டை, அறந்தாங்கி பக்கத்துக் காலனிகளிலிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்கிறார்கள். கணினி வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் தருகிற சான்றிதழ் அது. "அந்த வேலையில எல்லாம் சாதி பார்ப்பாங்களாக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவள் படிக்கும் பாடத்தில் சாதி இல்லை. 1981இல் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் அனுப்பும் முகவரியும் சேரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. அனுப்பியவரின் பிறப்பை எழுத அதில் இடமே கிடையாது. இத்தகைய விதிகளை இன்று வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் உறுப்பினர் கட்டணம் இல்லை. மின்னஞ்சல் வழியே யாரும் வாதிடலாம். ஆவணங்களை இலவசமாகப் படிக்கலாம். நம் பிள்ளைகள் அங்கேயும் போய்ப் பேச வேண்டும்.

ஆனால் அலுவலகத்தில் இருப்பவர்கள் மனிதர்கள். "புதுக்கோட்டையா? எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று அவர்கள் கேட்பது பொட்டலம் சேர்ப்பதற்காக அல்ல என்பது நமக்குத் தெரியும்.

2020 ஜூனில் கலிஃபோர்னிய அரசு அதே சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. இடஒதுக்கீட்டில் ஐஐடியில் படித்தவர் என்று ஒரு தலித் பொறியாளரைப் பற்றி மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது புகார். புகார் கொடுத்தபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று நிறுவனம் கைவிரித்தது என்பது குற்றச்சாட்டு. சிஸ்கோ மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலதிகாரிகள் இருவர் மீதான வழக்கை அரசே திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிஃபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார்.

அங்கே சட்டமன்றம்வரை போன இந்தக் கேள்வி, சாதியின் தாய்நாட்டில் எங்கே நிற்கிறது? பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். சாதிப் பாகுபாட்டுக்கு அப்படியொரு குழு தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாயமில்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். பதவி உயர்வில் ஒதுக்கப்பட்டதை, மதிய உணவில் தனியே விடப்பட்டதை எடுத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையத்துக்குப் போவது?

அந்தக் குழுவைத் தமிழ்நாடு அரசு சட்டமாக்க வேண்டும். இங்குள்ள ஐடி நிறுவனங்களிலிருந்தே தொடங்கலாம்.

அந்த மாணவியிடம் நாங்கள் பொய் சொல்லவில்லை. "பார்ப்பாங்கம்மா. நீ படி. புகார் கொடுக்க ஒரு இடம் வேணும்னு நாங்க கேட்டுக்கிட்டே இருக்கோம்" என்றோம்.