ஐ7 பொட்டியும் பில்லில் இல்லாத நம்பரும்

அரிசி வாங்கப் போனால் புதுசா பழசா, புழுங்கலா பச்சையா என்று கேட்டு, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குகிறோம். அரைப் பவுன் மோதிரம் வாங்கினால்கூட 916 முத்திரை எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஆனா பாருங்க, இருபதாயிரம் ரூபாய் கொடுத்து கம்ப்யூட்டர் வாங்கப் போகிற மனுஷன் மட்டும், "ஐ7 சார், 16 ஜிபி சார், விண்டோஸ் 11 போட்டே தர்றோம் சார்" என்ற மூணு வரியில் மயங்கி பர்ஸைத் திறந்துவிடுகிறார்.

இந்த மயக்கத்தைப் பற்றித்தான் இந்தப் புலம்பல். குறிப்பாக சின்ன டெஸ்க்டாப் பொட்டிகளைப் பற்றி. மினி, மைக்ரோ, டைனி என்று ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய டிக்‌ஷனரி அளவு இருக்கும். மானிட்டருக்குப் பின்னாடி மாட்டிவிட்டால் இருப்பதே தெரியாது. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி எல்லாம் இந்த ஜாதிதான். ஒரு லிட்டர் கொள்ளளவு சுமார். கம்பெனிகளும் வங்கிகளும் மொத்தமாக வாங்கி, சில வருஷம் ஓட்டிவிட்டு, மொத்தமாகக் கழித்துக் கட்டுகின்றன. அவைதான் துடைத்து பளபளப்பாகி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் ஆன்லைன் கடைகளுக்கும் வருகின்றன.

முதலிலேயே சொல்லிடறேன். எனக்கு இந்தப் பொட்டிகள் ரொம்பப் பிடிக்கும். ஆபீஸுக்கென்று செய்தவை என்பதால் கட்டுமானம் கெட்டி. ரெண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கைக்கு எட்டும். பழசு வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. பழசை வயசு சொல்லாமல் விற்பதுதான் தப்பு. அதைக் கேட்காமல் வாங்குவது அதைவிடப் பெரிய தப்பு.

எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருத்தர். ஆன்லைன் விண்ணப்பம், பிரின்ட் அவுட், கொஞ்சம் டேலி. போன வருஷம் பதினெட்டாயிரம் கொடுத்து "ஐ7 மினி பிசி" வாங்கிட்டு வந்தார். உள்ளே இருந்தது ஐ7-4765டி. 2013-இல் வந்த சரக்கு. விண்டோஸ் 11 போட்டிருந்தார்கள், ஆனால் மைக்ரோசாப்ட் அனுமதிக்காத கணினியில் பின்வாசல் வழியாகப் போட்டது. வருஷாந்திர பெரிய அப்டேட் தானாக வராது. வேறு அப்டேட்டுக்கும் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்டே கையை விரித்துவிட்டது. அண்ணன் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். வந்த பதில்: "அண்ணே, ஐ7 தானே கேட்டீங்க? ஐ7 தானே குடுத்தோம்?"

யோசிச்சுப் பாருங்க. அந்த ஆள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை! பில்லைப் பார்த்தேன். "ஐ7 மினி பிசி - 1". அவ்வளவுதான். வருஷமும் இல்லை, முழு நம்பரும் இல்லை. அந்தப் பில்லை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

விஷயம் ரொம்ப சிம்பிள். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே வருஷத்துப் பிள்ளைகளுக்குள் யார் பெரியவன் என்று சொல்லும் அடையாளம். வேற வேற வருஷத்துப் பிள்ளைகளை அதை வைத்து ஒப்பிட முடியாது. ஐ7-4770 என்றால் கோடுக்கு அப்புறம் வரும் 4 நான்காம் தலைமுறை. ஐ5-8500டி என்றால் எட்டாம் தலைமுறை. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. கடைசியில் வரும் டி என்ற எழுத்து, பெரும்பாலும் 35 வாட் கணக்கில் வரும் சிக்கன ரகம். 2022-இல் வந்த ஐ3-12100, 2013-இன் ஐ7-4770-ஐ ஓரங்கட்டிவிட்டுப் போய்விடும். அதாவது இந்த ஐ3 அந்த ஐ7-ஐவிட வேகம். கடையில் இதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இன்னும் வேடிக்கை, இன்டெலின் என்100 என்று ஒரு குட்டி சில்லு. 2023 ஜனவரியில் வந்தது. கணக்குப்படி 6 வாட். 2011-இல் ராஜாவாக இருந்த ஐ7-2600-க்குக் கணக்கு 95 வாட். ரெண்டும் அன்றாட வேலையில் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் நிற்கும். "சார், என்100-ஆ? அது மொக்கை சார், ஐ7 எடுங்க" என்று சொல்கிறவரை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.

ஏஎம்டி பக்கம் ஓடினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீங்க. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதா? முதலாவது ஜென் 2, இரண்டாவது ஜென் 3. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உண்மையான வயசைச் சொல்லும். முதல் இலக்கம் அது சந்தைக்கு வந்த வருஷக் கணக்கு. புது சட்டை போட்ட பழைய ஆசாமி.

ஏன் இதை இப்போ இவ்வளவு கத்துகிறேன் என்றால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டு உபயோகிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷம் பாதுகாப்பு நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கோ, ஒன்றிரண்டு விதிவிலக்கு போக, இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0-வும் வேண்டும். இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிற நாலு, ஆறு, ஏழாம் தலைமுறைப் பொட்டிகளைக் கம்பெனிகள் கழித்துக் கட்டின. அவையெல்லாம் எங்கே போகும்? ஐ7 ஸ்டிக்கரோடு ஜெராக்ஸ் கடை அண்ணன்கள் தலையில்தான். பேங்க் பாஸ்வேர்டும் வாடிக்கையாளரின் ஆதார் நகலும் இருக்கிற கணினியில் பாதுகாப்பு அப்டேட் வராது என்றால் அது விளையாட்டு இல்லை, சாமி.

"பட்ஜெட் எவ்வளவு?" இதுதான் எல்லாக் கடையிலும் முதல் கேள்வி. "இருபதாயிரத்துக்குள் சிறந்த பத்து" என்று வீடியோ போடுகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. முதல் கேள்வி, என்ன வேலை? ரெண்டாவது, எந்த வருஷத்துப் பொட்டி? காசு மூணாவதாகத்தான் வரணும். என் கணக்கு இது, ஒத்து வரலைன்னா சண்டைக்கு வாங்க:

1. வயசான அப்பா அம்மா. யூட்யூபில் கச்சேரி, பேத்தியோடு வீடியோ கால், கரண்ட் பில் கட்டுவது. என்100 போட்ட மினி பொட்டியே தாராளம். இன்று யூட்யூப் பயன்படுத்தும் ஏவி1 வகை வீடியோவை இது சில்லிலேயே பிரித்துவிடும். பழைய நாலாம் தலைமுறை ஐ7-க்கு அது தெரியாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒரு விஷயம், மினி பொட்டியில் கேமரா, மைக் கிடையாது. வெப்கேம் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

2. கடை, சின்ன ஆபீஸ். டேலி, பில்லிங், இன்னும் பேஜ்மேக்கரிலேயே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி. இதெல்லாம் விண்டோஸ் வேலை. எட்டாம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 போட்ட பழைய ஆபீஸ் பொட்டி, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. ஐ5-8500டி-யில் ஆறு கோர் இருக்கிறது, போதும் போதும். இந்த இடத்தில் ஐ7-க்கு மேற்கொண்டு கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஜெராக்ஸ் பேப்பராக வாங்கி அடுக்க வேண்டிய காசு.

3. பள்ளிக்கூடப் பிள்ளை, நிரல் எழுதிப் பழக. கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கும் ராஸ்பெரி பை 400 (2020), 500 (2024) நல்ல சாமான். ஆனால் அதில் வழக்கமான விண்டோஸ் மென்பொருள் ஓடாது, டேலி கிளாஸுக்குப் போகிற பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து அழ வைக்காதீங்க. லினக்ஸ் போடத் தெரிந்த அண்ணனோ மாமாவோ வீட்டில் இருந்தால், மேலே நான் திட்டிய அதே நாலாம் தலைமுறைப் பொட்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி லினக்ஸ் மின்ட் போடுங்கள். ஜம்முனு ஓடும். அடிமாட்டு விலைக்கு என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும் :-)

4. காலேஜ். ஹாஸ்டல் என்றால் லேப்டாப்தான், அதில் விவாதமே இல்லை. வீட்டிலிருந்து போய் வரும் பிள்ளைக்கு, ஒரே மேஜையில் உட்கார்ந்து படிக்கப் போகிற பிள்ளைக்கு, எதற்கு லேப்டாப்? அதே காசில் பெரிய திரை, நல்ல கீபோர்டு, கழுத்து வலிக்காத உயரம் கிடைக்கும். கீபோர்டில் காபி கொட்டினால் கீபோர்டு மட்டும்தான் போகும். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 அல்லது ஜென் 3 ரைசன், 16 ஜிபி ரேம்.

5. வீடியோ எடிட்டிங், இசை, போட்டோ. இங்கே ஆப்பிள் மேக் மினியைச் சொல்லாமல் போனால் பாவம். எம்4 மாடல் 2024 அக்டோபரில் வந்தபோது இந்திய விலை 59,900, ரேம் 16 ஜிபி, 256 ஜிபி சேமிப்பு. ஐந்து அங்குலச் சதுரம், சத்தமே இல்லாமல் வேலை செய்யும். ஆனால் 512 ஜிபி வேண்டும் என்றால் அப்போது 79,900! கூடுதல் 256 ஜிபி-க்கு இருபதாயிரம். இதற்குப் பேர் என்ன என்று நான் சொன்னால் அடிக்க வருவார்கள். அடிப்படை மாடலை வாங்கி வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். ரேமை மட்டும் வாங்கும்போதே யோசிங்க, பின்னாடி ஏற்றவே முடியாது. சாலிட்வொர்க்ஸ் மாதிரி விண்டோஸ் மட்டுமே தெரிந்த மென்பொருள் வேண்டுமென்றால் இந்தப் பக்கமே வராதீங்க.

6. கேம். பெரிய பொட்டி வாங்குங்கள். ஒரு லிட்டர் பொட்டிக்குள் நல்ல கிராபிக்ஸ் கார்டு நுழையாது. சின்னதும் வேணும், கேமும் வேணும் என்றால் காசு தண்ணியாய்ப் போகும்.

கடைக்காரர்கள் பக்கமிருந்து வரும் பதிலும் எனக்குத் தெரியும். "சார், தலைமுறை நம்பரெல்லாம் ஜனங்களுக்குப் புரியாது. ஐ7-னு கேட்டு வர்றாங்க, நாங்க என்ன செய்ய?" வாஸ்தவம்தான், கேட்டு வருகிறார்கள். அந்தக் காலத்தில் நகைக்கடையிலும் கேரட் கணக்கு புரியாது என்றுதான் சொன்னார்கள். இப்போ எங்க அத்தைகூட 916 என்று கேட்டு வாங்குகிறார். புரியாது என்பதில் லாபம் இருக்கிறவரை யாரும் புரிய வைக்க மாட்டார்கள்.

"பின்னாடி உதவும், இப்பவே பெருசா வாங்கிப் போடு" என்பது இன்னொரு அருள்வாக்கு. டேலி அடிக்கிறவர் பின்னாடியும் டேலிதான் அடிக்கப் போகிறார். ஐ7 வாங்குகிற மிச்சக் காசில் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். மினி பொட்டிக்கு பேட்டரி கிடையாது, நம்ம ஊரில் கரண்ட் எப்போ கண் சிமிட்டும் என்று யாருக்கும் தெரியாது. 65 அல்லது 90 வாட் அடாப்டரில் ஓடும் பொட்டி என்பதால் சின்ன யுபிஎஸ்ஸே நிதானமாக மூடிவைக்க நேரம் கொடுக்கும். பழைய பெரிய பொட்டியைவிட 40 வாட் மிச்சம் என்று வையுங்கள். தினம் எட்டு மணி நேரத்துக்கு, ரெண்டு மாசத்தில் 19 யூனிட். வீட்டு மின்சாரத்தில் ஸ்லாப் தாண்டுகிற நேரத்தில் அந்த 19 யூனிட்டின் அருமை தெரியும்.

வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியவை: வைஃபை கார்டு உள்ளே இருக்கிறதா (ஆபீஸ் பொட்டிகள் பலவற்றில் இருக்காது). அதே கம்பெனி அடாப்டரா, இல்லை எதையோ ஒட்டவைத்ததா. பயாஸில் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு மிச்சம் இருக்கிறதா. உங்கள் மானிட்டருக்குப் பொருந்தும் துளை இருக்கிறதா, பலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். ரேம் ஒன்றா ரெண்டா, காலி ஸ்லாட் உண்டா. 2025 கடைசியில் ஏஐ சர்வர்கள் எல்லாவற்றையும் விழுங்கி ரேம் விலை எகிறியதைப் பார்த்தோமே, "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டால் பொட்டி விலைக்கு ரேம் வந்து நிற்கும். பேர் தெரியாத சீனப் புதுப் பொட்டி என்றால் விண்டோஸை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கி மறுபடி சுத்தமாகப் போடுங்கள். 2024-இல் ஒரு கம்பெனியின் மினி பொட்டிகளில் உளவு மென்பொருள் முன்கூட்டியே குடியேறியிருந்தது கதையல்ல, நிஜம்.

இதெல்லாம் ஞாபகம் இருக்காது என்கிறீர்களா? சரி, ஒன்றே ஒன்று செய்யுங்கள். காசைக் கையில் வைத்துக்கொண்டே, "பிராசசர் முழு நம்பரை பில்லில் எழுதுங்க" என்று கேளுங்கள். ஐ7 இல்லை, ஐ7-4765டி. கோடும் நம்பரும் கடைசி எழுத்தும் சேர்த்து. நேர்மையான கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார், அப்படிப்பட்டவர்களும் நிறைய இருக்கிறார்கள். "அதெல்லாம் வழக்கம் இல்லீங்க" என்று இழுத்தால் பர்ஸை மூடிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்கா பஞ்சம்?

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்குப் பொட்டி அனுப்பவில்லை. அனுப்பினாலும் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். ஐ7 ரசிகர் மன்றத்தார் ஆட்டோ அனுப்பும் முன் தங்கள் பொட்டியின் முழு நம்பரையும் பின்னூட்டத்தில் போட்டுவிட்டு அனுப்பவும் :-)