அஃறிணைக்குப் பின்னால் ஒளியும் ரோம்

2023 மார்ச் 30 அன்று வத்திக்கானின் இரு துறைகள் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, ‘கண்டுபிடிப்புக் கோட்பாடு’ கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையைச் சேர்ந்ததன்று என அறிவித்தது. ஐரோப்பியக் கிறித்தவர் சென்றடைந்த மண் அவர்தம் அரசருக்கே உரியது, அங்கு முன்பே வாழ்ந்தோர்க்கு முழு உடைமையுரிமை இல்லை என்பதே அக்கோட்பாடு. இறையியல் உலகின் எரியும் சிக்கல்களோடு உரையாடுகிறது என்பதற்கு இவ்வறிக்கையைச் சான்று காட்டுவோர் உண்டு. காட்டலாம், பூர்வகுடிகள் நெடுங்காலம் கேட்டுவந்ததில் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. ஆனால் அறிக்கையின் வினைகளுக்கு எழுவாய் எது என்று தேடிப் பார்த்தவர்கள் குறைவு.

1452இல் ஐந்தாம் நிக்கோலாஸ் போர்ச்சுகல் அரசர் ஐந்தாம் அஃபோன்சோவுக்கு விடுத்த ஆணைமடலில் எழுவாய்க்குப் பஞ்சமில்லை. சரசேனியர் எனப்பட்ட இஸ்லாமியரையும் புறச்சமயத்தாரையும் வென்று நிரந்தர அடிமைகளாக்க அதிகாரம் வழங்குபவர் திருத்தந்தையே. அதுவும் தன்மைப் பன்மையில், செய்வினையில். 1493இல் ஆறாம் அலெக்சாண்டர் எசுப்பானிய அரசர்க்கு நிலங்களை வழங்கியதும் அவ்வாறே. 2023இலோ, அம்மடல்கள் பூர்வகுடிகளின் சம மாண்பைப் போதிய அளவு பிரதிபலிக்கவில்லையாம். காலனிய வல்லரசுகள் அவற்றை அரசியல் நோக்கில் திரித்தனவாம். மடல் பிரதிபலிக்கவில்லை என்றால் எழுதியவர் எங்கே? அஃறிணை எழுவாய்க்குப் பின்னால் உயர்திணை ஒளிந்துகொள்கிறது. அடிமையாக்கும் அதிகாரம் மூலத்திலேயே இருக்கையில் திரிப்பதற்கு என்ன மிச்சம்? அறிக்கை மன்னிப்பைப் பேசாமல் இல்லை. ஆயினும் அக்கொடுமைகளில் திருச்சபை அதிகாரிகளின் பங்கு, சில வேளைகளில் எதிர்க்காமல் இருந்தது என்பதாகச் சுருங்கிவிடுகிறது. முந்தைய ஆண்டு கனடாவின் மாஸ்க்வாசிஸில் பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டபோதும் தீமை செய்தோர் கிறித்தவர் பலரே, நிறுவனம் அன்று.

இது அமெரிக்கக் கண்டங்களின் வழக்கு மட்டுமன்று. 1455ஆம் ஆண்டு ஆணைமடல், கிறித்துவின் பெயரை வணங்குவதாகச் சொல்லப்படும் இந்தியர்வரை கடல்வழி சென்று, இஸ்லாமியருக்கு எதிராக அவர்தம் துணையைப் பெறும் ஆசையைப் பதிவுசெய்கிறது. அன்றைய ஐரோப்பியர் மனத்தில் ‘இந்தியா’ எத்தியோப்பியாவரை நீண்ட மங்கலான நிலப்பரப்பு என்பது உண்மை. ஆனால் அத்தகைய கிறித்தவர் மலபார்க் கரையில் மெய்யாகவே வாழ்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1599இல் கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், அவர்தம் சிரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் குருசு உறுதிமொழி எடுத்தவர்கள் அந்த மக்களே.

மடல்கள் எப்போதோ காலாவதியாயின, 1537இல் மூன்றாம் பவுல் ‘சுப்ளிமிஸ் தேயுஸ்’ மடலில் பூர்வகுடிகளின் விடுதலையையும் உடைமையுரிமையையும் அறிவித்துவிட்டார், இனித் திரும்பப் பெற ஒன்றுமில்லை என்பது வழக்கமான மறுமொழி. அவ்வாதத்தை முன்வைப்போர் அடுத்த ஆண்டின் கதையைச் சொல்வதில்லை. அதே 1537இல், பூர்வகுடிகளை அடிமையாக்குவோரைத் திருச்சபையிலிருந்து விலக்கும் தண்டனையுடன் இன்னொரு மடலும் வெளியானது. பேரரசர் ஐந்தாம் சார்லசு எதிர்த்தார். 1538இல் அதே திருத்தந்தை அந்தத் தண்டனை மடலை இரத்துச் செய்தார். வெளியிட்ட மடலைத் திரும்பப் பெறும் முறை ரோமுக்குத் தெரியாததன்று. பேரரசர் கேட்டபோது ஓராண்டில் முடிந்தது; பூர்வகுடிகள் கேட்கும்போது வரலாற்றுச் சூழல், மொழிபெயர்ப்பு நுட்பம், இறையியல் தகுதிநிலை என்று விளக்கங்கள் நீள்கின்றன.

காலாவதி என்ற வாதம் நீதிமன்றங்களுக்கு எட்டவில்லை. 1823இல் ஜான் மார்ஷல் தலைமையிலான அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டமாக்கிய கோட்பாடு, 2005இல் ஒனைடா மக்களின் நிலவழக்கிலும் அடிக்குறிப்பாக எழுந்து வந்தது. இறையியல் துறைகள் வத்திக்கானிடம் கேட்க வேண்டியது இன்னொரு சுற்றுமடலை அன்று. 1452, 1455, 1493 ஆகிய மூன்று மடல்களையும் பெயர் சொல்லி இரத்துச் செய்யும் ஒரு பக்க ஆணையை; தன்மையில், செய்வினையில்.