கடவுளை மறுத்தவர் முள்ளந்தண்டை வணங்கலாமா?

கோயில் வாசலை மிதியாத பகுத்தறிவாளர், முதுகு பிடித்துக்கொண்டதும் எலும்பை நெட்டி முறிப்பவரிடம் ஓடுகிறாரே, அவருடைய நாத்திகம் எங்கே போயிற்று என்று கேட்டு நகைப்போர் எம்மிடையே உளர். நகைப்பு மலிவானது; கேள்வி அப்படிப்பட்டதன்று. வயலிற் குனிந்து நிமிரும் கமக்காரனுக்கும், நாள் முழுதும் நாற்காலியில் இருந்து எழுதும் உத்தியோகத்தருக்கும் முதுகு ஒன்றே. எனவே விடை கூறுவோம்.

நாத்திகம் ஒரு கேள்விக்கு மட்டும் உரிய விடையாகும். கடவுள் இல்லையென்றவன் எண்ணெயும் கட்டும் இல்லையென்று சொல்லவில்லை. மணிமேகலையில் வரும் பூதவாதி மறுபிறப்பை மறுத்தான்; கண்கூடாகக் கண்டதையே சான்றென்றான். அவனுடைய கால் முறிந்திருந்தால், சிம்பு வைத்துக் கட்ட வந்த வைத்தியனை விரட்டியிருப்பானா? முறிந்த எலும்பை நேராக்கி அசையாது வைத்திருந்தால் அது பொருந்தும். மந்திரம் ஓதிக் கட்டினாலும் பொருந்தும். ஓதாது கட்டினாலும் பொருந்தும். மந்திரத்தை நீக்கிய பின்னும் எது நிற்கிறதோ அதுவே வைத்தியம். இந்த ஒரு சோதனையைக் கையில் வைத்துக்கொண்டு, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர் வாயிலாக எம் ஊர்களை எட்டும் ‘கைரோபிராக்டிக்’ முறையை நோக்குவோம்.

1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர் அதைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் கைகளால் ‘காந்த சக்தி’ பாய்ச்சி நோய் தீர்ப்பதாகத் தொழில் நடத்தியவர். ஹார்வி லில்லார்ட் என்ற செவிப்புலன் குன்றிய தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தினாராம், காது கேட்டதாம்! காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிவது. முதுகெலும்பை அது எட்டிப் பார்ப்பதுமில்லை. ஆயினும், உடலை ஆளும் ‘உள்ளுறை அறிவு’ ஒன்று நரம்பு வழியே ஓடுகின்றது, முள்ளெலும்பு பிசகினால் அது தடைப்படுகின்றது, நூற்றுக்கு 95 நோய்கள் அதனாலேயே வருகின்றன என்று பால்மர் போதித்தார். 1911இல் எழுதிய கடிதமொன்றில், தம் முறையைச் சமயமாகவே நிறுவலாமா என்றும் ஆலோசித்தார். அவர் மறைந்தபின் 1914இல் வெளிவந்த அவருடைய நூலோ, இறந்துபோன வைத்தியர் ஒருவரின் ஆவியே இந்த அறிவைத் தமக்கு அருளியது என்கிறது. விபூதியை மறுத்துவிட்டு, ஆவி சொன்ன தத்துவத்தை நம்பி முதுகைக் காட்டும் நாத்திகரைப் பார்த்து நகைப்போர் நகைக்கட்டும், நாமும் சேர்ந்துகொள்வோம்.

“அது பழங்கதை, இன்று பட்டமும் பதிவும் உண்டே” என்பர். உண்டு. பிரித்தானியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. அச்சட்டத்தின்கீழ் அமைந்த சபைதானே, முள்ளெலும்புப் பிசகு நோய்க்குக் காரணமென்று உரிமை கோருவதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லையென 2010இல் அறிவித்தது? அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சரி, ஆவியை நீக்கினால் எஞ்சுவது என்ன? இடுப்பு வலிக்கு ஓரளவு ஆறுதல் தரும் கைவேலை. நோயாளரைப் பகுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் அது உடற்பயிற்சி முதலிய சிகிச்சைகளுக்கு ஏறத்தாழச் சமமாகவே நின்றது. தொய்வையும் காதுமந்தத்தையும் குழந்தையின் வயிற்றுவலியையும் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அந்த ஆறுதலை நாத்திகரும் பெறலாம், சைவரும் பெறலாம், கிறிஸ்தவரும் பெறலாம். வலி குறைந்தமையால் ‘உள்ளுறை அறிவு’ மெய்யாகிவிடாது. நகைப்போருடைய தெய்வமும் மெய்யாகிவிடாது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூரை எம் பகுத்தறிவாளர் போற்றுவர். அற்புத சக்தியை மோசடிக்கு இடமின்றி நிரூபிப்போருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அவர் 1963இல் அறைகூவினார். 1978இல் இறக்கும்வரை அப்பணம் எவர் கைக்கும் போகவில்லை. தம் எலும்புக்கூட்டையும் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு எழுதிவைத்தார். அவரைப் போற்றுவோர், சாமியாரிடம் கேட்ட சான்றை முதுகு பிடிப்பவரிடமும் கேட்க ஏன் கூச வேண்டும்?

இதை வெறும் ஏட்டு வாதமென்று எவரும் தள்ளிவிட இயலாது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டினால் உடையார்கட்டு. 2009 ஜனவரியில் அரசு ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த நிலத்துள் அதுவும் அடங்கியது; அவ்வலயத்துள்ளும் எறிகணைகள் விழுந்தன. இரும்புத் துண்டுகளை உடலிற் சுமந்தபடி வயல் செய்வோரும் அலுவலகம் போவோரும் வன்னியில் இன்றும் வாழ்கின்றனர். முள்ளந்தண்டருகே உலோகம் தங்கிய முதுகை, படம் பிடித்துப் பாராமல் நெட்டி முறிப்பது வைத்தியமா? கழுத்தைச் சடுதியாகத் திருப்பியபின், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி கிழிந்து பாரிசவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனால் அந்த அரிதில் அகப்பட்டவனுக்கு அது முழுமை. கால் மரத்து, மறைவிடம் உணர்விழந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டால் அதற்கு முதுகுப் பிடிப்பு என்று பெயரிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவசர சத்திர சிகிச்சையும் வேண்டியிருக்கும். அந்த நேரத்தை வேறெங்கும் கழிப்பவர் பிறகு நடக்காமலே போகலாம்.

எம் நாட்டு முறிவு வைத்தியரையும் இதே தராசில்தான் நிறுக்கிறோம். இறுகிய கட்டினுள் விரல் நீலம் பாரித்தால், பரம்பரைப் பெருமை அந்த விரலைக் காப்பாற்றாது.

ஆகவே எலும்பிற் கைவைப்போரே, உங்களிடம் நாம் கேட்பது இது: தொடுமுன் உடம்பில் இரும்பு உண்டா என்று வினவினீரா? எந்நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்? எத்தனை முறை வந்தபின் ‘இனி என்னால் ஆகாது’ என்று வாய்திறந்து சொல்வீர்? இவற்றுக்கு விடையில்லாதவரிடம் கமக்காரன் நெல் விற்ற காசைக் கொடுக்க வேண்டியதில்லை.