வாயிலும் திறவுகோலும்



1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் எழுப்பிய நம் திருமயம் கோட்டைக்குப் பல சுற்று மதில்கள் இருந்தன. எனினும், மதில் எத்துணை உறுதியாயினும், உள்ளிருப்பவரே கதவைத் திறந்துவிட்டால் அதனால் பயனில்லை. இவ்வுண்மை இன்று நம் வீட்டுக் கணினிக்கும் கைப்பேசிக்கும் பொருந்துகிறது.

சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரியும் பிள்ளைகள், ஊரிலிருக்கும் பெற்றோரின் கணினியை அங்கிருந்தவாறே இயக்கும் வசதி இன்று உண்டு. நம் திரையில் தோன்றும் காட்சி இணையத்தின் வழியே அவர்கள் திரைக்குச் செல்கிறது; அவர்கள் தட்டும் எழுத்தும் மவுசின் அசைவும் நம் கணினிக்கு வந்து சேர்கின்றன. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் நகரின் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தில் உருவான வி.என்.சி. என்னும் மென்பொருள் இத்தகையது. இதில், ஏற்கெனவே திறந்திருக்கும் அதே திரையை இருவரும் ஒருங்கே காணலாம். வீட்டுக் கணினியிலுள்ள விண்டோசின் ரிமோட் டெஸ்க்டாப் முறையிலோ, வெளியூரிலிருப்பவர் நுழைந்ததும் வீட்டிலுள்ள திரை பூட்டிக்கொள்ளும். ஆகவே, பெற்றோருக்குக் கற்றுத்தர முன்னதே ஏற்றது. தம் சொந்தக் கணினியில் தாமே வேலை செய்யப் பின்னது உதவும்.

தொலைவிலிருக்கும் மகன் தாய்க்கு அருகமர்ந்து உதவுவது போன்ற இவ்வசதி நன்றே. ஆனால், இதே வழியில் கயவரும் நுழைகின்றனர். 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கை விடுத்தது. வங்கி அலுவலர் போல் பேசுபவர், 'எனிடெஸ்க்' என்னும் செயலியை நிறுவச் சொல்வார். திரையில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்பார். அனுமதியும் தரச் சொல்வார். பின்னர், நம் கண்முன்னேயே பணம் பறிபோகும். குற்றம் செயலியினுடையதன்று, திறவுகோலை யாரிடம் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

யோவான் நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், வாயில் வழியே வராத திருடனைப் பற்றிப் பேசுகிறார். இக்காலத் திருடனோ சுவரேறுவதில்லை. வாயிலில் நின்று, நம் கையாலேயே கதவைத் திறக்கச் செய்கிறான். ஆகவே, குரலை அறிதல் இன்றியமையாதது. தாமாக அழைத்தவர் யாராயினும் எண்ணைச் சொல்லாதீர்கள். பிள்ளைகளே உதவும்போதும், அவர்களை நீங்களே அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.

இறுதியாக, இளையோருக்கு ஒரு வேண்டுகோள். ஏமாந்த முதியோர் பலர் பழிச்சொல்லுக்கு அஞ்சி வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தில் கழியும் ஒவ்வொரு நாழிகையும் திருடனுக்கே ஆதாயம். இணையத்தைத் துண்டித்து, வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் உடனே தெரிவித்தால், பணத்தைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. கடிந்துகொள்ளாத பிள்ளையிடமே பெற்றோர் நடந்ததை உடனே கூறுவர். பொறுமையுள்ள இல்லமே காவலுள்ள இல்லம்.