வேட்டை ரைபிள்: கைவேலை எங்கே, எந்திரம் எங்கே?

பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். வால்நட் மரக்கட்டையும் நுணுக்கமான கைவேலையும் கொண்ட பழைய ரைபிள்தான் ரைபிள், இன்று பிளாஸ்டிக் கட்டையோடு வருவது வெறும் இரும்புக் குழாய் என்பது ஒரு கட்சி. பழையதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடலாம், குறி தவறாமல் சுட இன்றைய மலிவு விலை ரைபிளே போதும் என்பது இன்னொரு கட்சி. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை குற்றம். அது சரியான சட்டம். ஆகவே எதை வாங்குவது என்ற கேள்வி நமக்கு இல்லை. ஆனால் ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் படித்து வளர்ந்த வாசகர்கள் இங்கே ஏராளம். அந்த வேட்டைக்கார எழுத்தாளர்கள் இருவரும் தோளில் சுமந்த ரைபிள்கள் எப்படிச் செய்யப்பட்டன என்று பார்த்தாலே இந்த வழக்கில் பாதி கரைந்துவிடும்.

1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனத்தின் .275 ரைபிள் அது. 1926-இல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தை விழுந்தது அந்த ரைபிளின் குண்டுக்குத்தான். பாரம்பரிய வேட்டை ரைபிளுக்கு இதைவிடப் புகழ்பெற்ற உதாரணம் கிடைப்பது கடினம். ஆனால் அதன் உயிர்நாடியான இயக்கப் பகுதி, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பூட்டி, சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியே எறியும் பகுதி, லண்டனில் பிறந்தது அல்ல. ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப் நகரில் மௌசர் தொழிற்சாலையில் தயாரானது. அதே வடிவத்தை அந்தத் தொழிற்சாலை படைகளுக்காக ஆயிரமாயிரமாகச் செய்துகொண்டிருந்தது. ரிக்பி அதை வரவழைத்து, செப்பனிட்டு, கட்டை பொருத்தி, தன் பெயரைப் பொறித்து விற்றது. .275 ரிக்பி என்ற தோட்டாவும் 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்துக்கொண்ட பெயர்தான்.

ஆண்டர்சனின் கதை இன்னும் நேரானது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளில் அவர் சுமந்து திரிந்தது .405 வின்செஸ்டர். ஜான் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்காவின் நியூ ஹேவன் தொழிற்சாலை 1895-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மாதிரி அது. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைத்த தொழிற்சாலைச் சரக்கு.

ஆக, பழையது கையால் செய்தது, புதியது எந்திரத்தில் செய்தது என்ற பிரிவினை தொடக்கத்திலேயே தவறு. அன்றும் எந்திரம் இருந்தது, இன்றும் கைவேலை இருக்கிறது. தொழிலாளியின் நேரம் எந்த இடத்தில் செலவானது, எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கப்பட்டது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கைவேலை உச்சத்தைத் தொட்டது இரட்டைக்குழல் ரைபிளில். இரண்டு குழல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிவிட்டால் இரண்டு குண்டுகளும் ஒரே இடத்தில் விழும் என்று நினைப்போம். விழாது. குழல்களுக்கிடையே சிறு ஆப்பு வைத்து, ஈயப்பற்று இட்டு, சுட்டுப் பார்க்க வேண்டும். குண்டுகள் விலகினால் பற்றை உருக்கி, ஆப்பை மயிரிழை நகர்த்தி, மறுபடி சுட வேண்டும். இரண்டு குழலும் ஒரே புள்ளிக்கு வரும்வரை இது தொடரும். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற இணக்கம் ஒரே வகைத் தோட்டாவுக்கு மட்டுமே பொருந்தும்; மருந்தின் அளவோ குண்டின் எடையோ மாறினால் குறி மாறிவிடும். பாய்ந்து வரும் மிருகத்துக்கு எதிரே, எதையும் இழுத்துத் தள்ளாமல் உடனடியாக இரண்டாவது குண்டு கிடைக்கிறதே, அதற்காகத்தான் அந்த உழைப்பும் விலையும். இந்த வேலையை முழுக்க ஏற்றுக்கொள்ளும் எந்திரம் இன்றும் வரவில்லை.

பழைய மௌசர் வகை ரைபிளின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் போல்டின், அதாவது தோட்டாவை முன்னால் தள்ளிப் பூட்டும் தண்டின், பக்கத்தில் நீளமான எஃகுக் கொக்கி ஒன்று உண்டு. தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும்போதே அதன் அடிவிளிம்பு கொக்கிக்குள் நுழைந்து, அப்போது முதல் போல்டின் பிடியிலேயே இருக்கும். பதற்றத்தில் வேட்டைக்காரர் போல்டைப் பாதி தள்ளிவிட்டுப் பின்னால் இழுத்தாலும் தோட்டா கூடவே வெளியே வந்துவிடும். இந்த நீளக் கொக்கி இல்லாத வகையில் போல்ட் தோட்டாவை முன்னால் தள்ளுவதோடு சரி. முழுவதும் மூடினால்தான் பிடிக்கும். பாதியில் இழுத்தால் முதல் தோட்டா குழல் வாயிலேயே தங்கிவிடும். மறுபடி தள்ளும்போது இரண்டாவது தோட்டா அதன் பின்னால் போய் முட்டிச் சிக்கிக்கொள்ளும். மானுக்காகக் காத்திருப்பவருக்கு இது எரிச்சல். காயம்பட்ட காட்டெருமையின் முன் நிற்பவருக்கு உயிர்ப் பிரச்சினை.

அந்தக் கொக்கியையும் அது அமரும் போல்டையும் கடைந்து, அரம் பிடித்துப் பொருத்த நேரம் ஆகும். நேரம் என்றால் கூலி. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூலி உயர்ந்துகொண்டே போனது. ரெமிங்டன் நிறுவனம் உருளைக் கம்பியிலிருந்து எளிதாகக் கடையக்கூடிய உடலோடு, நீளக் கொக்கி இல்லாமல், 700 என்ற மாதிரியை 1962-இல் மலிவாக இறக்கியது. வின்செஸ்டரின் மாடல் 70 ரைபிள் 1936 முதல் மௌசர் வழியில் கொக்கியோடு வந்துகொண்டிருந்தது. போட்டியைத் தாங்க முடியாமல் 1964-இல் வின்செஸ்டர் அதை மாற்றி அமைத்தது. கொக்கி போயிற்று. கட்டையின் பிடிமானத்துக்காகக் கையால் வெட்டிய சதுரக் கோடுகளுக்குப் பதில் அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 1964-க்கு முந்தைய பழைய ரைபிள்களின் விலை ஏறியது.

இந்தக் கோபத்தில் பாதி நியாயம், பாதி அநியாயம் என்பதே என் எண்ணம். கொக்கி போனதும் அச்சுக்கோடும் உண்மையான இழப்புகள். ஆனால் அதே ஆண்டில் மாறிய குழலைப் பற்றி யாரும் நிதானமாகப் பேசவில்லை. பழைய குழல்களில் உட்புரிகளை வெட்டுக்கருவி ஒவ்வொன்றாகச் செதுக்கியது. புதிய முறையில் புரி வடிவம் கொண்ட கடின எஃகுத் தண்டைக் குழாய்க்குள் நுழைத்து, வெளியிலிருந்து சுத்தியல்களால் அடித்துப் புரியை உருவாக்குகிறார்கள். ஜெர்மனியர் போர்க்காலத்தில் எந்திரத் துப்பாக்கிகளுக்குக் குழல்களை வேகமாகச் செய்யக் கண்ட வழி இது. வேகத்துக்காக வந்த முறைதான், ஆனால் நல்ல குழல் தந்தது. இன்றும் பல பெயர்பெற்ற நிறுவனங்கள் இதையே பின்பற்றுகின்றன.

குறித்துல்லியத்தில் புதியது முந்தியதற்கு இன்னொரு காரணம், கவனமாகத் திட்டமிட்ட எளிமை. போல்டின் முகத்துக்கும் தோட்டா அறைக்கும் உள்ள இடைவெளி மிகச் சரியாக இருக்க வேண்டும். கூடினால் ஆபத்து, குறைந்தால் போல்ட் மூடாது. முன்பு தேர்ந்த கைவினைஞர் அறையைச் சிறிது சிறிதாகக் குடைந்து அளவு பார்ப்பார். 1958-இல் வந்த சாவேஜ் 110 ரைபிளில் அதன் வடிவமைப்பாளர் நிக்கோலஸ் ப்ரூவர் குழலின் மேல் ஒரு மறையைப் போட்டார். அளவுகோல் தொடும்வரை குழலைத் திருகி, மறையை இறுக்கினால் வேலை முடிந்தது. பார்வைக்கு அழகில்லை என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சாதாரணத் தொழிலாளி ஒருவர் சில நிமிடங்களில் சரியான அளவை அடைய முடிந்தது. அதனால்தான் சொற்ப வருமானக்காரர் வாங்கும் ரைபிளும் நேராகச் சுடத் தொடங்கியது. இதை ஏளனம் செய்வது எனக்கு ஒப்பவில்லை.

மரக்கட்டை விஷயத்தில் தீர்ப்பு இன்னும் தெளிவு. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெயிலில் சுருங்கும். கட்டை குழலை ஒரு பக்கமாக நெருக்கினால் குறி விலகும். அன்றைய கைவினைஞர்கள் எஃகில் புகைக்கரி பூசி, கட்டையில் வைத்து எடுத்து, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சீவிச் சீவிக் காகிதம் நுழையாத பொருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தத் திறமையின் முன் நான் தலை வணங்குகிறேன். ஆனால் மழைக்காலம் அதை மதிப்பதில்லை. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 1966-இல் ரெமிங்டன் 700-ஐ எம்40 என்ற பெயரில் குறிசுடுவோருக்குத் தேர்ந்தெடுத்து, மரக்கட்டையோடு வியட்நாமுக்கு அனுப்பியது. அந்தக் காட்டு ஈரத்தில் கட்டைகள் முறுக்கிக்கொண்டன. 1970-களில் வந்த அடுத்த வடிவத்துக்குக் கண்ணாடியிழைக் கட்டை போட்டார்கள். பிளாஸ்டிக் கட்டை செலவைக் குறைக்க மட்டும் வந்தது என்று சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் கட்டை குழலைத் தாங்குவதோடு நிற்பதில்லை, சுடுபவரின் உடலோடும் பொருந்த வேண்டும். பழைய லண்டன் கடைகள் வாடிக்கையாளரின் கை நீளம், கழுத்து, கன்னம் எல்லாம் அளந்து கட்டையைச் செய்தன. தோளில் ஏற்றிய கணமே கண் பார்க்கும் இடத்தை ரைபிள் பார்க்கும். தொழிற்சாலை ரைபிள் சராசரி மனிதருக்காகச் செய்யப்படுகிறது. தொலைநோக்கி பொருத்தி நிதானமாகச் சுடுபவருக்கு இந்தக் குறை தெரியாது. பத்தடி தூரத்தில் புதர் அசையும்போது தெரியும்.

மாடல் 70-இன் கொக்கி 1990-களில் திரும்பி வந்தது. கணினி இயக்கும் கடைசல் எந்திரங்கள், ஒரு காலத்தில் கூலி கட்டுப்படியாகாமல் கைவிட்ட வேலையை மறுபடி கட்டுப்படியாக்கின. நியூ ஹேவன் தொழிற்சாலை 2006-இல் மூடப்பட்ட பிறகும் அந்த ரைபிள் வேறிடத்தில் கொக்கியோடு தொடர்கிறது. ரிக்பியும் லண்டனில் இன்று மௌசர் 98 வகை ரைபிள்களைச் செய்கிறது. கார்பெட்டின் பழைய ரைபிளை அந்த நிறுவனம் 2015-இல் விலைக்கு வாங்கித் தன்னிடம் வைத்திருக்கிறது. புதியவற்றின் இயக்கப் பகுதி முன்போலவே ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலையிலிருந்து எந்திரத்தில் கடைந்து வருகிறது. கட்டையைப் பொருத்துவதும் மெருகேற்றுவதும் லண்டனில், கையால்.